சர்க்கரை நோய்: சுபுஹு முதல் இஷா வரை ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்வது?

நம் ஊர்களில் இன்று சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் சுமார் 13.6 கோடிப் பேர் அந்த நோயின் வாசலில் நிற்கிறார்கள்.

இத்தனை பேருக்கு இருப்பதாலேயே இது ஒரு சாதாரண விஷயமாகிவிட்டது. "எனக்கும் சுகர், அவருக்கும் சுகர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பந்தியில் இரண்டாவது தடவை பிரியாணி வாங்குகிறோம். ஆனால் காலில் ஆறாத புண்ணோடு படுத்திருப்பவரிடமும், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்யப் போய்வரும் குடும்பத்திடமும் கேட்டால் இதைச் சாதாரண விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

மருத்துவர் நம்மை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறார், அதுவும் பத்து நிமிடம். மற்ற நாட்களில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, எப்போது நடப்பது, மாத்திரையை எப்போது போடுவது என்ற முடிவுகள் எல்லாம் நம் வீட்டுக்குள்தான் எடுக்கப்படுகின்றன. எனவே இந்த நோயை நடத்திச் செல்லும் இடம் வீடுதான், குறிப்பாக அடுப்படி. நோயாளி மட்டும் மாறினால் போதாது, வீடும் சேர்ந்து மாற வேண்டும். அது எப்படி என்பதை ஒரு நாளின் ஒழுங்கை வைத்தே பார்ப்போம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, ரொட்டி, பழம் எல்லாம் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தக் குளுக்கோஸைத் தசைகளுக்குள்ளும் மற்ற செல்களுக்குள்ளும் அனுப்பும் வேலையைக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் செய்கிறது. டைப் 1 வகையில் இன்சுலின் சுரப்பதே ஏறத்தாழ நின்றுவிடுகிறது. அவர்கள் வாழ்நாள் முழுவதும் இன்சுலின் ஊசி போட வேண்டும். நம்மில் பெரும்பாலானோருக்கு இருப்பது டைப் 2. இதில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. நாளாக நாளாகச் சுரப்பும் குறைந்துகொண்டே வருகிறது.

இரத்தத்தில் தேங்கும் சர்க்கரை உடனே வலிக்காது. அதுதான் இதன் ஆபத்து. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்புகள், இதயக் குழாய்கள் ஆகியவற்றைக் கெடுக்கிறது. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பது நல்ல செய்தி அல்ல. பரிசோதனைச் சீட்டு சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

தெரிந்து வைக்க வேண்டிய எண்கள்

வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் 100 மி.கி.க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை நோயின் முன்நிலை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு.

ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். 5.7க்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5 முதல் நீரிழிவு. டாக்டரைப் பார்ப்பதற்கு முந்திய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து சுகரைக் குறைத்துக் காட்டுபவர்கள் உண்டு. இந்தப் பரிசோதனையை அப்படி ஏமாற்ற முடியாது.

நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இலக்கு இதுதான்: வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து 180க்குள், ஹெச்பிஏ1சி 7க்குள். வயதானவர்களுக்கும், அடிக்கடி சுகர் தாழ்ந்து போகிறவர்களுக்கும் டாக்டர் இந்த இலக்கைக் கொஞ்சம் தளர்த்துவார்.

சிறிது குறைத்தாலும் பலன் உண்டு. பிரிட்டனில் ஆயிரக்கணக்கான டைப் 2 நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த புகழ்பெற்ற ஆய்வில், ஹெச்பிஏ1சி ஒரு சதவீதப் புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண் இரத்தக்குழாய் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தது தெரியவந்தது. 9லிருந்து 8க்கு வந்தவர் "இன்னும் 7 ஆகவில்லையே" என்று சோர்ந்துபோக வேண்டியதில்லை.

சுபுஹுக்குப் பின்: நடை

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை தேவை. அதாவது நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது. நடைப்பயிற்சியால் தசைகள் இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படத் தொடங்கும். அந்தப் பலன் ஒன்றிரண்டு நாளில் கரைந்துவிடும் என்பதால்தான் இந்த விதி.

எந்த வேகத்தில் நடப்பது? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நான்கு பேரோடு நின்று நின்று பேசிக்கொண்டு வருவது நடைப்பயிற்சிக் கணக்கில் சேராது. சுபுஹு தொழுதுவிட்டு நேரே வீட்டுக்கு வந்து மீண்டும் படுக்காமல், அப்படியே கடற்கரை அல்லது மைதானம் வரை போய்வந்தால் அன்றைய கடமை முடிந்துவிடும்.

பெண்களுக்கு வெளியே போய் நடக்க எல்லா ஊரிலும் வசதி இருப்பதில்லை. மொட்டை மாடி போதும், நீண்ட முற்றம் போதும். காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். "நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே" என்று உம்மாமார்கள் சொல்வது உண்மைதான். ஆனால் நின்று நின்று செய்யும் வேலையில் உடல் களைக்கும், இதயத் துடிப்பு கூடாது. நடை தனியாக வேண்டும்.

தொழுகையில் குனிந்து நிமிர்வது மூட்டுகளுக்கு நல்ல அசைவு. ஆனால் அதைக் காட்டி நடையை விடக்கூடாது.

நடையைவிட எளிய ஒரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு வேளை சாப்பிட்ட பிறகும் 10 முதல் 15 நிமிடம் மெதுவாக நடப்பது. உணவுக்குப் பின் சுகர் ஏறும் அந்த நேரத்திலேயே தசைகள் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இதைச் செய்தால் மறுநாள் காலைப் பரிசோதனையிலும் வித்தியாசம் தெரியலாம்.

வாரத்தில் இரண்டு, மூன்று நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடி பிடிக்காமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது போதும்.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளைமிபிரைடு, கிளிக்ளாசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் நடக்கப் போகும்முன் சுகரைப் பார்த்துக்கொள்வது நல்லது. 90க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சிறிது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். 250க்கு மேல் இருந்து, வாந்தி, காய்ச்சல் அல்லது மிகுந்த சோர்வும் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

காலையும் மதியமும்: தட்டை மூன்றாகப் பிரியுங்கள்

அளவுகோலோ தராசோ தேவையில்லாத ஒரு கணக்கு இருக்கிறது. தட்டில் பாதி காய்கறி. மீதிப் பாதியில் ஒரு கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு, சுண்டல் போன்ற புரதம். கடைசிக் கால் பங்குதான் சோறு அல்லது சப்பாத்தி. நம் வீட்டுத் தட்டில் இது தலைகீழாக இருக்கிறது. முக்கால் தட்டு சோறு, அதன்மேல் ஆணம், ஓரத்தில் ஒரு மீன் துண்டு. காய் என்பது ஆணத்துக்குள் மிதக்கும் இரண்டு கத்தரிக்காய்.

ஒரு கிண்ணம் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு நடுத்தர இட்லியில் சுமார் 10 கிராம். இதைத் தெரிந்துகொண்டால் நான்கு இட்லி சாப்பிட்ட பிறகு "சோறே சாப்பிடவில்லை" என்று சொல்ல மாட்டோம். இடியப்பம், ஆப்பம், புட்டு, உப்புமா எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். காலையில் இரண்டு இட்லியோ மூன்று இடியப்பமோ எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு அவித்த முட்டை, கெட்டியான சாம்பார், காய்கறிக் கூட்டு என்று சேர்த்தால் பசியும் அடங்கும், சுகரும் மெல்ல ஏறும். இடியப்பத்துக்குச் சீனியும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சாப்பிடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். முதலில் காய்கறி, அடுத்து மீனோ கறியோ பருப்போ, கடைசியாகச் சோறு. அதே உணவை, அதே அளவில், இந்த வரிசையில் சாப்பிட்டாலே உணவுக்குப் பிந்திய சுகர் குறைவாக ஏறுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவே இல்லாத மருந்து இது.

அஸருக்குப் பின்: தேநீர்

நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. மொத்தம் எட்டு கரண்டி, சுமார் 40 கிராம். மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் சீனி தேநீர் வழியாக மட்டுமே உள்ளே போகிறது. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நோய் இல்லாதவர்களுக்கே!

ஒரே நாளில் நிறுத்த முடியாவிட்டால் வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். டீயோடு வரும் பிஸ்கட், ரஸ்க், வர்க்கி எல்லாம் மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும்தான். அவற்றுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, சுண்டல், அவித்த பாசிப்பயறு சாப்பிடலாம்.

இரவு

இஷாவுக்குப் பின் கடையில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதைவிடச் சர்க்கரை நோயாளிக்குக் கெடுதலான இரவுப் பழக்கம் இருக்க முடியாது. மைதா, எண்ணெய், சால்னா, பிறகு எந்த அசைவும் இல்லாத ஏழு மணி நேரம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டால், இஷா தொழப் பள்ளிக்கு நடந்து போய் வருவதே உணவுக்குப் பிந்திய நடையாகிவிடும்.

வளைகுடா நாடுகளில் மெஸ்ஸில் சாப்பிடும் நம் சகோதரர்களுக்கு இது கூடுதல் சிரமம். வேலை முடிந்து வரவே இரவு பத்து ஆகிவிடும். அவர்கள் மாலையிலேயே சுண்டல், முட்டை, வெள்ளரிக்காய் என்று ஏதாவது சாப்பிட்டுக்கொண்டால் இரவில் குப்பூஸின் எண்ணிக்கை தானாகக் குறையும்.

"இது சாப்பிடலாமா?"

கருப்பட்டி, வெல்லம், தேன்: இவை இயற்கையானவைதான். ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் சீனிக்கு இளைத்தவை அல்ல. கருப்பட்டிக் காப்பி சுகருக்கு நல்லது என்பது தவறான நம்பிக்கை.

பேரீச்சம்பழம்: நார்ச்சத்தும் தாதுக்களும் உண்டு, சர்க்கரையும் நிறைய உண்டு. சிறிய பழம் ஒன்றில் சுமார் 5, 6 கிராம் சர்க்கரை. ஊரிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் பெரிய மெட்ஜூல் பழம் ஒன்றில் அதுபோல் மூன்று மடங்கு. நாளைக்கு ஒன்றிரண்டு சிறிய பழம் போதும்.

ராகி, கம்பு, சிவப்பரிசி: வெள்ளை அரிசியைவிட நார்ச்சத்து அதிகம். ஆனால் இவையும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம். மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் வேகமாகச் சர்க்கரையை ஏற்றும்.

பழங்கள்: கொய்யா, ஆப்பிள், பப்பாளி, ஆரஞ்சு ஆகியவற்றில் ஒரு நேரத்துக்கு ஒன்றோ ஒரு சிறு கிண்ணமோ சாப்பிடலாம். சாறாகப் பிழிந்தால் நார் போய்விடும், சர்க்கரை மட்டும் மிஞ்சும். மாம்பழத்தைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம். ஆசைக்கு இரண்டு துண்டு, அன்று சோற்றைக் குறைத்துக்கொண்டு.

பாகற்காய், வெந்தயம்: உணவாகச் சேர்ப்பது நல்லது. மருந்துக்குப் பதிலாக வைத்துக்கொள்வது ஆபத்து. "பத்தே நாளில் சுகர் போய்விடும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் பொடிகளை நம்பி இன்சுலினை நிறுத்தி, சுயநினைவின்றி மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. நோய் வந்த ஆரம்ப ஆண்டுகளில் எடையை நன்றாகக் குறைத்துச் சிலர் மருந்தில்லாத நிலைக்கு வருகிறார்கள் என்பது உண்மை. அதுவும் டாக்டரின் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும்.

விருந்துகளில்

நிக்காஹ், வலீமா, அகீகா என்று மாதத்துக்கு நான்கு அழைப்பாவது வந்துவிடும். சஹனில் நான்கு பேர் சேர்ந்து சாப்பிடும்போது நாம் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதே தெரியாது. பக்கத்தில் இருப்பவர் அன்போடு கறியை நம் பக்கம் தள்ளுவார், குறைந்துவிட்டால் மேலும் சோறு வந்து விழும்.

இதற்கு வழி உண்டு. பசியோடு போகாதீர்கள். வீட்டிலேயே வெள்ளரிக்காயோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சஹனில் உங்கள் பக்கத்தில் முதலில் போட்ட சோற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாளிச்சாவும் கறியும் போதுமான அளவு சாப்பிடலாம். ஃபிர்னியோ தம்ரூட்டோ வந்தால் ஒரு கரண்டியோடு கையைக் கழுவிவிடுங்கள். விருந்து கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "ஒரு நாளைக்குச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தாதீர்கள். வேண்டாம் என்பவரை விட்டுவிடுவதும் உபசரிப்புதான்.

மருந்தும் இன்சுலினும்

சுகர் குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அதிகம். மாத்திரையால்தான் குறைந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போவது போலிருந்தால் அதையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்சுலின் என்றதும் "கடைசிக் கட்டம்" என்று பயப்பட வேண்டாம். நம் உடலில் குறைந்ததை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். 1922இல் கனடாவின் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டவர் சாவின் விளிம்பில் இருந்த 14 வயதுச் சிறுவன். அதற்குமுன் டைப் 1 வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை.

திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைபனி அறையில் வைக்கக்கூடாது. பயன்பாட்டில் இருப்பது வெயில் படாத குளிர்ந்த இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை இருக்கலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் ஒரு சிறு டப்பாவில் வைக்கலாம். விமானப் பயணத்தில் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். ஒரே இடத்தில் ஊசி போட்டால் அங்கே தோல் தடித்து மருந்து சரியாக ஏறாது, இடம் மாற்றிப் போடுங்கள்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வாங்க வசதி இல்லை என்று எவரும் நிறுத்தத் தேவையில்லை. அக்கம்பக்கத்தில் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

சுகர் திடீரென்று தாழ்ந்தால்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, பேச்சுக் குழறல். இவை சுகர் 70க்குக் கீழ் போனதன் அறிகுறிகள். உடனே மூன்று கரண்டி சீனி அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மீண்டும் அதே அளவு. சரியானதும் அடுத்த வேளை உணவு தாமதமாகும் என்றால் ஏதாவது சாப்பிட வேண்டும். இந்த நேரத்தில் சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கி விழுந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். வீட்டில் உள்ள பெரிய பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ரமலானில்

நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை உண்டு என்பதைக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 184, 185 வசனங்கள் தெளிவாகச் சொல்கின்றன. இருந்தும் நம்மில் பலர் யாரிடமும் கேட்காமல், மருந்தின் நேரத்தை மாற்றாமல் நோன்பு வைக்கிறார்கள். 2001இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ரமலானில் மருத்துவமனைக்குப் போகும் அளவுக்குச் சுகர் தாழ்ந்துபோவது டைப் 1 நோயாளிகளிடம் 4.7 மடங்கும் டைப் 2 நோயாளிகளிடம் 7.5 மடங்கும் கூடியிருந்தது.

எனவே ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரிடம் போக வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் சுகர் தாழ்ந்து மயங்கியவர்கள், தாழ்வதன் அறிகுறியே தெரியாதவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், கட்டுப்பாடில்லாத டைப் 1 உள்ளவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள் நோன்பு வைப்பது ஆபத்து என்பதே மருத்துவர்களின் அறிவுரை. குணமாகும் வாய்ப்புள்ளவர் பின்னர் களா செய்வதும், தீராத நோயுள்ளவர் ஏழைக்கு உணவளிப்பதும் பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோன்பு வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: விரலில் குத்திச் சுகர் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. எனவே லுஹருக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் பாருங்கள். 70க்குக் கீழ் போனாலோ, 300க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். "இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று காத்திருக்கக்கூடாது.

ஸஹரைக் கடைசி நேரத்தில் சாப்பிடுங்கள், முட்டையும் பருப்பும் காயும் அதில் இருக்கட்டும். நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு சிறு கிண்ணம் நோன்புக் கஞ்சி போதும். கஞ்சி என்பதும் அரிசிச் சாப்பாடுதான். அதன்மேல் வடை, சமோசா, ரோஸ்மில்க், கடல்பாசி, தராவீஹுக்குப் பின் பரோட்டா என்று போனால், பகல் முழுக்கப் பசித்திருந்தும் மாத இறுதியில் எடையும் சுகரும் கூடித்தான் இருக்கும்.

பாதங்கள்

நரம்பு மரத்துப்போனால் முள் குத்தியதும் கொப்புளம் வந்ததும் தெரியாது. தினமும் இரவில் இரண்டு பாதங்களையும் பாருங்கள். அடிப்பாகம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒளூ செய்தபின் கால்விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் அங்கே பூஞ்சை வந்து வெடிக்கும், கிருமி நுழைய வழி கிடைக்கும். கோடையில் பள்ளிவாசல் முற்றத்தின் சூடான தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத பாதம் வெந்தாலும் தெரியாது. வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். உம்ரா, ஹஜ் போகிறவர்கள் புறப்படும்முன் பாதத்தை டாக்டரிடம் காட்டி ஆலோசனை கேளுங்கள். ஆணிக்காலை பிளேடால் நீங்களே அறுக்காதீர்கள். சிறு புண்ணாக இருந்தாலும் இரண்டு நாளில் ஆறாவிட்டால் காட்டிவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை

ஹெச்பிஏ1சி மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் கண் பரிசோதனை, சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு, பாத நரம்புப் பரிசோதனை ஆகியவை ஆண்டுக்கு ஒருமுறை. இரத்த அழுத்தம் ஒவ்வொரு முறையும். பீடி, சிகரெட் இருந்தால் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் கால் இரத்தக் குழாயும் இதயமும் இரட்டிப்பாகக் கெடும்.

வீடு சேர்ந்து மாறினால்தான்

வாப்பாவுக்கு மட்டும் தனியாக உப்பில்லாத காயும் இரண்டு சப்பாத்தியும் வைத்துவிட்டு, மற்றவர்கள் அவர் முன்னாலேயே நெய்ச்சோறு சாப்பிட்டால் எத்தனை நாள் அவர் தாங்குவார்? ஒரு வாரத்தில் பத்தியம் முடிந்துவிடும். உம்மாவுக்குச் சுகர் என்றால் நிலைமை இன்னும் மோசம். எல்லோருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு, மிஞ்சியதை மூன்று மணிக்குச் சாப்பிடுகிறார். அவருடைய மாத்திரையை நினைவுபடுத்தவும் ஆள் இருக்காது.

நோயாளிக்கென்று தனிச் சமையல் தேவையில்லை. பாதி காய், கால் புரதம், கால் சோறு என்ற தட்டு எல்லோருக்கும் நல்லது. இதே தட்டு பிள்ளைகளையும் காக்கும். பெற்றோருக்கு நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் தடுக்க முடியாதது அல்ல. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு நோயின் முன்நிலையில் இருந்தவர்களிடம் ஆய்வு நடத்தி 2006இல் முடிவை வெளியிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களிடம், மூன்று ஆண்டுகளில் நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மருந்து கொடுத்த குழுவில் 26.4 சதவீதம். நடை, மாத்திரைக்குக் குறைந்த பலனைத் தரவில்லை.

வீட்டில் 30 வயதைத் தாண்டிய எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் சுகர் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்பக் காலத்தில் சுகர் வந்து பிரசவத்துக்குப் பின் போய்விட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்கள் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் நாளைக்கே செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் டீயில் சீனியைக் குறையுங்கள். அடுத்த வாரம் இரவுச் சாப்பாட்டை மஃரிபுக்குப் பின் கொண்டுவாருங்கள். அதற்கடுத்த வாரம் வீட்டில் இருவராகச் சேர்ந்து நடக்கத் தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஹெச்பிஏ1சி சீட்டில் அதன் பலன் தெரியும், இன்ஷா அல்லாஹ். மருந்தின் அளவை மாற்றுவதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.